ஏழாவது மாதிரி

செப்டம்பர் 9, காலை 6.40. கோதுமைப் பரிசோதனைப் பட்டைகள் 25.

வாண்டு,

மேலே எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்சலை எண்ணி வாங்கிக்கொள். உறை கிழிந்திருந்தால் பயன்படுத்தாதே, வேறு அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. போனில் பேச மாட்டேன், கடிதம்தான் என்று நீ அடம்பிடிப்பது சிறுபிள்ளைத்தனம். "போன்ல நான் ரெண்டாவது வரி பேசுறதுக்குள்ள, சரி, இப்ப என்ன பண்ணணும்னு கேக்குற. கடிதம்னா முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். சரி, படிக்கிறேன். ஆனால் நீயும் முழுசாக எழுத வேண்டும். "சாப்பாடு பரவாயில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இருப்பது சீலியாக். கோதுமையோ பார்லியோ துளி உள்ளே போனாலும் உன் உடம்பு உன் குடலையே அடிக்கும். இது உனக்குத் தெரியும். உன் பல்கலைக்கழகத்துக்கும் தெரியும், ஏனென்றால் டாக்டர் கடிதத்தை வார்டன் கையில் கொடுத்தவன் நான். அந்த அம்மா என்ன சொன்னார்? "கவலையே படாதீங்க தம்பி, மருத்துவ உணவுக்குத் தனி கவுன்ட்டர் இருக்கு." தனி கவுன்ட்டர் என்றால் தனி அடுப்பா, தனிக் கரண்டியா, இல்லை வெறும் தனி மேசையா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அண்ணா, வா போலாம், எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டுமே. இரண்டு வருஷம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய். பரீட்சை பயம் என்றார் அப்பா. வயசுக் கோளாறு என்றாள் அம்மா. எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

முதல் வருஷம் விடுதியில்தான் தங்க வேண்டும், அறையில் அடுப்பு வைக்கக் கூடாது, உதவித்தொகையையும் விடுதியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஆகவே உனக்கு அந்த மெஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அது சரியாக இருந்தாக வேண்டும்.

நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மீட்டர் சரிபார்க்கிறவன். கருவி காட்டுகிற எண் மெய்யா பொய்யா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. "பரவாயில்லை" என்று காட்டுகிற முள்ளை நான் இதுவரை பார்த்ததில்லை. செய்முறை இது: பட்டாணி அளவு சாப்பாட்டைக் குப்பியில் போட்டுக் குலுக்கு, பட்டையை நனை, பத்து நிமிஷம் பொறு. ஒரு கோடு வந்தால் சாப்பிடலாம். இரண்டு கோடு வந்தால் தொடாதே. ஒவ்வொன்றுக்கும் எண், எங்கிருந்து எடுத்தது, முடிவு. மூன்றும் எழுதி அனுப்பு.

அண்ணன்


செப்டம்பர் 20

அன்புள்ள மீட்டர் அண்ணா,

பட்டைகள் வந்தன. உறை கிழியவில்லை. மானம்தான் கிழிந்தது.

முதல் பட்டையை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தால் என் அறைத்தோழி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் வெளுத்துப்போய்.

"ஏய், ரெண்டு கோடு வந்திருக்குடி."

"ஆமா, பாத்தேன்."

"பாத்தியா? இவ்வளவு சாதாரணமா சொல்ற! யாருடி அது?"

"உருளைக்கிழங்கு."

அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் முதல் வகுப்பு போய்விட்டது. இப்போது மாடி முழுக்க என்னைப் பார்த்தால் "உருளைக்கிழங்கு சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள்.

தனி கவுன்ட்டர் உண்மையாகவே இருக்கிறது. நீண்ட கூடத்தின் ஒரு கோடியில், பச்சைத் தட்டுகளோடு. அங்கே பரிமாறுகிறவர் பக்கத்துக் கவுன்ட்டருக்கு ரொட்டியும் எடுத்துப் போடுகிறார். கையில் ஒரே இடுக்கி. கேட்டால், "கழுவித்தானம்மா எடுக்குறேன்" என்று சொல்லி இடுப்புத் துணியில் துடைத்துக் காட்டுகிறார். அந்தத் துணி வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் சோப்பு இல்லை, மாவு. நல்ல மனிதர்தான். கூட்டம் நெருக்கும்போது அவர் என்ன செய்வார்?

நீ முழுசாக எழுது என்றாய், எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் பச்சைத் தட்டை வாங்கி, பேருக்கு உட்கார்ந்து, தொடாமல் திருப்பி வைத்துவிட்டு, அறைக்கு வந்து வாழைப்பழமும் பொரியும் தின்றேன். ஜன்னல் வழியாகக் கூடத்தின் சத்தம் வரும். தட்டுச் சத்தம் இல்லை அண்ணா, சிரிப்புச் சத்தம். இங்கே யாரும் வகுப்பில் சிநேகிதம் பிடிப்பதில்லை. வகுப்பில் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில்தான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறாள். யார் யாரோடு ஊருக்குப் போவது, யார் யாருக்கு நோட்டுக் கொடுப்பது, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. இரண்டு வாரம் அந்த மேசையில் இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் நம்மைக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. அவர்கள் மேல் தப்பில்லை.

ஆனால் இப்போது சரியாகிவிட்டது. கடைசி மேசையில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது. வயிறாரச் சாப்பிடுகிறேன். எப்படி என்று மட்டும் கேட்காதே.

வாண்டு


செப்டம்பர் 26

வாண்டு,

எப்படி?

கேட்காதே என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் ஓட்டை இருக்கிறது. இது என் தொழில் அனுபவம். அடுப்பு மாறவில்லை, இடுக்கி மாறவில்லை, துணி மாறவில்லை, ஆனால் நீ வயிறாரச் சாப்பிடுகிறாய். நடுவில் என்ன மாறியது? அளவுகளையும் காணோம். சிரிப்புக் கதை எழுதி என்னைத் திசை திருப்பலாம் என்று பார்க்காதே. (உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது. இங்கே ஆபரேட்டரிடம் சொன்னேன், டீயைக் கொட்டிவிட்டார்.)

அளவுகள் வர வேண்டும். எல்லாம் வர வேண்டும்.

அண்ணன்


அக்டோபர் 4

அண்ணா,

சொல்கிறேன். ஆனால் இது உனக்கு மட்டும். அம்மாவிடம்கூடச் சொல்லாதே.

இங்கே பாத்திரம் கழுவும் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு அம்மா இருக்கிறார். அவர் போடும் அதட்டலுக்காக எல்லோரும் மேஜரம்மா என்பார்கள், நேரில் மட்டும் அக்கா. அவர் சமையல் ஆள் இல்லை. ஆனால் மதியத்துக்குத் தனக்கென்று ஒரு சின்னக் குக்கரில் பின்னால் சமைத்துக்கொள்கிறார். "ஏன்கா, இங்கதான் இவ்வளவு சாப்பாடு இருக்கே?" என்று கேட்டதற்கு, "இங்க பாத்திரம் எந்த லட்சணத்துல கழுவுறாங்கன்னு எனக்குத்தானே தெரியும்" என்றார். கழுவுகிறவரே அவர்தான். இதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

தொடாத தட்டெல்லாம் கடைசியில் அவரிடம்தானே போகும்? ஒரு நாள் ஈரக் கையோடு கூடத்துக்கே வந்துவிட்டார். "தினம் ஒரு பச்சைத் தட்டு வச்சது வச்சபடி வருது. யாரு அந்த மகாராணி?" நான் எழுந்து நின்றேன். திட்டப்போகிறார் என்று பார்த்தால், என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "இதுல வளையல் போட்டா கழுத்து வரைக்கும் ஏறும்போல இருக்கே. என்ன சாப்பிட்டா உனக்கு ஒத்துக்கும்? சொல்லு."

மறுநாளிலிருந்து அவர் குக்கரில் எனக்கும் சேர்த்துச் சாதம். ஒரு முட்டை, ஏதாவது ஒரு காய். நீல மூடி போட்ட ஒரு பாத்திரத்தில் போட்டு, அவரே தூக்கிக்கொண்டு வந்து கடைசி மேசையில் நங்கென்று வைப்பார். "மகாராணிக்குச் சாப்பாடு வந்தாச்சு!" என் அறைத்தோழியும் இன்னும் இரண்டு பேரும் அந்த மேசையில். நேற்று வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ஒருத்தி தலையில் தட்டினாள். இது உனக்கு ஒரு செய்தியாகத் தெரியாது.

அவர் செய்வது விதிப்படி தப்பு. சமையலுக்கு நியமித்தவர்கள் தவிர யாரும் மாணவர்களுக்குச் சமைக்கக் கூடாதாம். தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து.

நீ கேட்ட அளவுகள். தனி கவுன்ட்டரில் எடுத்தவை: 1 உருளைக்கிழங்கு, இரண்டு கோடு. 2 வேகவைத்த காய், இரண்டு. 3 உரிக்காத முட்டை, ஒன்று. 4 சாதம், இரண்டு. 5 கோழித் துண்டு, இரண்டு. அதற்குப் பிறகு எல்லாம் நீல மூடி: 6 ஒன்று. 7 இரண்டு. 8 ஒன்று. 9 ஒன்று.

ஏழாவதைப் பார்த்து அலட்டிக்கொள்ளாதே. அன்றைக்குச் சூப் கிண்டிய மரக்கரண்டி மாறி வந்திருக்கும், அந்தச் சூப்பில் மாவு கரைத்து ஊற்றுகிறார்கள். ஒரு நாள் வயிறு வலித்தது, போய்விட்டது.

உன்னை நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

வாண்டு


அக்டோபர் 15

வாண்டு,

வேலை முடிந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்து ஒரே மூச்சில் அறிக்கை எழுதினேன். நாலு பக்கம். துணைவேந்தர், மாணவர் நல அலுவலகம், வார்டன், உணவுக்கூட மேலாளர், நாலு பேருக்கும் பதிவுத் தபால். அவர்களுடைய "மருத்துவ உணவு" ஐந்தில் நாலு தடவை தேறவில்லை. ஐந்தாவது தேறியதற்குக் காரணமும் முட்டை ஓடுதான், அவர்கள் இல்லை. தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனி ஆள், அந்த ஆளுக்குப் பயிற்சி. நாலு கோரிக்கை. பதில் சொல்ல இரண்டு வாரம் கெடு.

உன் மேஜரம்மாவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அவ்வளவு முட்டாள் இல்லை நான். அட்டவணையில் நீ கொடுத்தபடியே எண், இடம், முடிவு மட்டும்தான். ஒன்பதும் இருக்கிறது. ஏழாவதும் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிக்காத அளவை எடுத்துவிட்டால் மீதி எட்டையும் யார் நம்புவார்கள்? இங்கே ஒருவன் ஒரு அளவை விழுங்கினான் என்று தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்புவோம்.

தவிர, ஏழாவதும் இரண்டு கோடுதான். அன்பாகப் போட்டாலும் கோதுமை கோதுமைதான்.

இனி நீ யாருடைய தயவிலும் சாப்பிட வேண்டியதில்லை. உரிமையோடு சாப்பிடலாம். ஒரு நன்றிகூட எதிர்பார்க்கவில்லை. சரி, கொஞ்சம் எதிர்பார்க்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 29

அண்ணா,

உன் அறிக்கை வேலை செய்தது.

திங்கட்கிழமை காலை மேலாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கூடத்துக்குள் போயிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் சொன்னது இது. அடுப்பைப் பார்க்கவில்லை. இடுக்கியைப் பார்க்கவில்லை. இரண்டாவது பக்கத்தைத் திருப்பி, "மாதிரி ஏழு, நீல மூடி, இரண்டு கோடு" என்று படித்துவிட்டு, "நீல மூடின்னா எது?" என்று கேட்டிருக்கிறார். அங்கே இருக்கிற மூடியெல்லாம் எவர்சில்வர். மேஜரம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இந்தா, இதுதான். என்னோடது. அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டிருக்கிறார்.

தன் மூடியைக் காட்டிக் கொடுத்தது அவரேதான். ஒளிக்க வேண்டிய பொருள் அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மதியம் பின்வாசலில் பார்த்தேன். குக்கரை ஒரு பையில் கட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஓடிப்போய் நின்றேன்.

"ஏன்டி, ரெண்டு கோடு வந்துச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கரண்டிய அடுப்புலயே போட்டு எரிச்சிருப்பேனே. ஆபீசுக்கு எழுதுற அளவுக்கு நான் உனக்கு என்ன பண்ணிட்டேன்?"

"நான் எழுதலக்கா. எங்க அண்ணன்."

"உங்க அண்ணன் எங்க இருக்கார்?"

"ரொம்பத் தூரத்துல."

"அப்ப அவருக்கு யாரு சொன்னா?"

கேட்டுவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

உன்னுடைய நாலு கோரிக்கைக்கும் ஒரே தீர்வு கண்டுபிடித்துவிட்டார்கள். தனி கவுன்ட்டரை மூடியாயிற்று. இனிமேல் எனக்கு வெளியிலிருந்து, சான்றிதழ் ஒட்டிய, மூடி முத்திரையிட்ட பொட்டலச் சாப்பாடு வரும். நானே பிரிக்க வேண்டும், அதற்கென்று வாங்கிய மின்னடுப்பில் நானே சூடாக்க வேண்டும். பொதுக் கூடத்தில் மாவு காற்றில் பறக்கலாம் என்பதால் அங்கே உட்காரக் கூடாது. வார்டன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறையை ஒழித்து, ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். கதவில் "மருத்துவ உணவறை" என்று பலகை.

பொட்டலத்தைப் பரிசோதித்தேன். மூன்று தடவையும் ஒரே கோடு. குறித்துக்கொள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள். நீல மூடியில் எனக்கு இரண்டு கோடு வந்தது ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மற்ற இரண்டையும் உனக்கு எழுதவில்லை. அன்றைக்கும் நான் பாத்திரத்தைத் தள்ளவில்லை, சாப்பிட்டேன். எப்போதாவது ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது கட்டுப்படியானது.

வாண்டு


நவம்பர் 5

வாண்டு,

இரண்டு அளவை மறைத்தாயா? என்னிடமா? நான் யாருக்காக இதையெல்லாம் செய்தேன்?

அந்தக் கரண்டி விஷயம் மாசத்துக்கு ஒரு தடவை என்றாலும் குடல் ஆறவே ஆறாது. ரத்தத்தில் இரும்பு இறங்கும். "கட்டுப்படியானது" என்று சொல்ல அது உன் கையிருப்பு இல்லை, உன் உடம்பு. கோபமாக எழுதுகிறேன், தெரியும். கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம் என்று பார்த்தேன், அப்போதும் இதேதான் வந்தது.

அந்த அம்மாவுக்கு நடந்தது அநியாயம். நான் அப்படிக் கேட்கவில்லை. அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி உன் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் எழுதினேன். பதில் வந்துவிட்டது. "தங்கள் அறிக்கையின் அடிப்படையிலேயே நடவடிக்கை எடுக்கப்பட்டது. தங்கள் அக்கறைக்கு நன்றி." கவுன்ட்டரில் இரண்டு கோடு காட்டிய நாலு மாதிரிக்கு என்ன நடவடிக்கை என்று கேட்டேன். கவுன்ட்டரே மூடப்பட்டுவிட்டதால் அந்தக் கேள்வி எழவில்லையாம். நான் எழுதிய வாக்கியங்களையே எடுத்து எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். ஒன்றில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கேள். பொட்டலம் சுத்தமானது. மூன்றும் ஒரே கோடு. உடம்பு என்ற கணக்கில் இது முன்னேற்றம். அறை பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் வெளியே வீடு பார்ப்போம். அதுவரை தாக்குப்பிடி.

மேஜரம்மா வீடு எங்கே என்று விசாரித்து எழுது.

அண்ணன்


டிசம்பர் 2

வாண்டு,

என் கடிதம் போய்ச் சேர்ந்ததா? அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறாயாம். குரல் தேய்ந்துபோய் இருக்கிறது என்கிறாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "எல்லாரோடயும் சேந்து நல்லா சாப்பிடுறேன்மா" என்றாயாம். எல்லோரோடும் என்றால் யாரோடு? பொட்டலம் அந்த அறையில்தானே?

திட்டவாவது எழுது.

அண்ணன்


ஜனவரி 11, வீட்டிலிருந்து

அண்ணா,

அப்பா உனக்குப் போன் செய்திருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். "பரீட்சை ஹால்ல மயக்கம் போட்டுட்டா, ரத்தம் குறைவு, இப்போ பரவாயில்ல." அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன். முழுசாக.

அந்த அறையில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத்தான் போட முடியும். சுவரில் வாளி மாட்டியிருந்த ஆணிகள். பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் அந்தச் சின்ன அறையில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும். முதல் வாரம் என் அறைத்தோழி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், ஒரே நாற்காலி என்பதால் நின்றபடி சாப்பிட்டாள். வார்டன் பார்த்துவிட்டார். "இது உங்க ஃபிரெண்ட் நல்லதுக்குத்தானே போட்டிருக்கோம்? நீங்க ரொட்டியோட உள்ள வந்தா எப்படி?" என்று தன்மையாகத்தான் கேட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் சாப்பிடும் இடத்தில் கோதுமையே இருக்கக் கூடாது என்று உன் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம்.

பிறகு அவள் வரவில்லை. கடைசி மேசைக்காரிகள் வழியில் பார்த்தால் சிரிப்பார்கள். உருளைக்கிழங்கு பேச்சு நின்றுபோயிற்று. கேலி நின்றதும்தான் நான் வெளியே போய்விட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு மதியம், பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, பொது வரிசையில் போய் நின்றேன். சாதாரணத் தட்டு வாங்கினேன். ரொட்டி, சூப். கடைசி மேசையில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "ஏய், நீ இதெல்லாம் சாப்பிடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "டாக்டர் மாத்திட்டார்" என்றேன். என்ன சந்தோஷம் அவர்களுக்கு! ரொட்டியின் ருசி எனக்கு ஞாபகம் இல்லை அண்ணா. பேசிக்கொண்டே ஒருத்தி என்னைக் கேட்காமல் என் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். அதுதான் ஞாபகம் இருக்கிறது. என் சாப்பாட்டை யாரும் அதுவரை தொட்டதில்லை. பயந்து விலகித்தான் உட்காருவார்கள்.

பரீட்சை வரைக்கும் தினமும் அப்படித்தான். வாயெல்லாம் புண். மாடி ஏற முடியாது. மேசையில் உட்கார்ந்தால் மட்டும் சரியாகிவிடும். பட்டைகள் மீதி இருந்தன, எடுக்கவில்லை. என்ன வரும் என்று தெரிந்த பிறகு பார்ப்பானேன்?

மயக்கம் தெளிந்த பிறகு மாணவர் நல அலுவலகத்திலிருந்து ஒருவர் பூங்கொத்தோடு வந்தார். பொட்டலச் சாப்பாடு கொடுத்தும் நானே மீறிவிட்டதால் இனிப் பொறுப்பேற்க முடியாதாம். என் நலன் கருதி ஒரு வருஷம் விடுப்பு. திரும்பி வரும்போது இடம் இருந்தால் பார்க்கலாம். உதவித்தொகைக்கு உத்தரவாதம் இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். அறைத்தோழி வழியனுப்ப வந்தாள். "டாக்டர் மாத்திட்டார்னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் ரொட்டியைத் தின்று நீ சாகப் பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அதுதான் இருந்தது. இனி அவள் எழுத மாட்டாள்.

இங்கே வீட்டில் கோதுமை வாசனையே கிடையாது, உனக்குத் தெரியும். அம்மா எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். ஆனால் நான் தட்டை அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். அவர்கள் முன்னால் உட்கார்ந்தால் தொண்டையில் இறங்குவதில்லை. நாலு கண்ணும் என் வாயையே பார்க்கின்றன. கதவுக்கு வெளியே அம்மா நிற்பது நிழலில் தெரியும்.

மேஜரம்மா முகவரி கேட்டிருந்தாய். பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போகாதே என்று சொன்னால் போவாய், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

உன் மேல் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

வாண்டு


ஜனவரி 19, மாலை 5.10

வாண்டு,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

மேஜரம்மா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து, "யாருப்பா?" என்றார். நான்தான் அந்த அறிக்கை எழுதிய அண்ணன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த வேலையத் திருப்பி வாங்கித் தர முடியுமா?"

"முயற்சி பண்ணேம்மா. முடியல."

"அப்ப எதுக்கு வந்த?"

கதவைச் சாத்திக்கொண்டார். அடித்துச் சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினார். இரண்டு தெரு தள்ளி வந்த பிறகுதான், உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று உறைத்தது. திரும்பிப் போகத் துணிச்சல் வரவில்லை.

பல்கலைக்கழகத்தை விடப்போவதில்லை என்று நினைத்து ஒரு வக்கீலையும் பார்த்தேன். எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "அவங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கே தம்பி. சாப்பாடு கொடுத்திருக்காங்க, அறை கொடுத்திருக்காங்க, ஆதாரமும் நீங்களே கொடுத்திருக்கீங்க" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

பல நாளாக ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இன்று அதே ஒன்பது அளவு என் கையில் வந்தால் ஏழாவதை எடுத்துவிடுவேனா? மாட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் மாட்டேன் என்றுதான் கை சொல்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருத்தன் உன் பக்கத்தில் இருக்கலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன். என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாமல் இருக்க.

1. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். விடுப்பு சொல்லியாயிற்று.

2. அம்மாவை உன் கதவு வாசலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போய் அடுக்களையில் உட்கார வைப்பேன். அவளும் சாப்பிடுவதில்லை என்று அப்பா சொன்னார்.

3. எனக்கு ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, உன் அறைக்கு வெளியே தரையில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். தட்ட மாட்டேன், கூப்பிட மாட்டேன். நீ உள்ளே எவ்வளவு சாப்பிட்டாய் என்று பார்க்கவும் மாட்டேன்.

4. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே.

5.

ஐந்தாவது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணைப் போட்டுவிட்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

அண்ணன்